ஒரே பண்ணைக் குஞ்சுகள், இரண்டு குளங்கள்: திலாப்பியா வளர்ச்சியில் பரப்புக்கும் ஆழத்துக்கும் உள்ள பங்கு என்ன?

புதுக்குளம்

அனைவருக்கும் வணக்கம். ஐந்து மாதங்களாக மனத்தை அரித்துவரும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். என்னிடம் இரண்டு மண்குளங்கள் உள்ளன. பெரியது 40 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்டது. சிறியது 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. இரண்டையும் ஒரே வாரத்தில், நடுவில் 1.5 மீட்டர் நீர் நிற்கும்படி தோண்டினோம். ஆண் குஞ்சுகள் என்று கையால் பிரித்துத் தரப்பட்ட நைல் திலாப்பியாவை, சதுர மீட்டருக்கு 2 வீதம், பெரிய குளத்தில் 2000, சிறிய குளத்தில் 400 என இருப்புச் செய்தேன். மிதக்கும் தீவனம் ஒன்றே. மீனின் எடைக்கு இத்தனை சதவீதம் என்ற கணக்கும் ஒன்றே. எந்தக் குளத்திலும் ஏரேட்டர் (நீரில் காற்றைக் கலக்கும் கருவி) இல்லை.

சென்ற வாரம் வீச்சு வலை போட்டு எடை பார்த்தேன். பெரிய குளத்து மீனின் சராசரி எடை 260 கிராம். சிறிய குளத்தில் 120 கிராம் மட்டுமே. மீன் தான் இருக்கும் இடத்தின் அளவுக்கு ஏற்பத்தான் வளரும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் சிறிய குளத்தின் பரப்பை என்னால் கூட்ட முடியாது, ஆழத்தை 2.5 மீட்டராகக் கூட்ட முடியும். மண் வெட்டும் இயந்திரம் இப்போது பக்கத்து நிலத்தில் வேலை செய்துகொண்டிருப்பதால் இந்த மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். ஆழப்படுத்தினால் வளர்ச்சி கூடுமா?

பச்சைநீர்

வணக்கம். அவசரப்பட்டு இயந்திரத்தை அழைத்துவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். மீன் இடத்தின் அளவைப் பார்த்து வளர்கிறது என்ற நம்பிக்கை பரவலாக இருந்தாலும், திலாப்பியாவைப் பொறுத்தவரை அது பொருந்தாது. ஆழமான நீர்த்தேக்கத்தில் மிதக்கவிடப்படும் சில கன மீட்டர் கொள்ளளவுள்ள சிறு கூண்டுகளில், ஒரு கன மீட்டருக்கு 100 கிலோவுக்கும் மேல் திலாப்பியாவை வளர்த்தெடுக்கிறார்கள். அந்தக் கூண்டுக்குள் மீன்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டுதான் நீந்துகின்றன. ஆயினும் விற்பனை எடையை எட்டுகின்றன. வலைக்கண் வழியே புதுநீர் இடைவிடாமல் வந்து கழிவைக் கொண்டுபோகிறது என்பது அதற்கு ஒரு காரணம். பெண் மீன் இட்ட முட்டை வலைக்கண் வழியே கீழே விழுந்துவிடுவதால் குஞ்சு பெருகுவதில்லை என்பது இன்னொரு காரணம். அகலமோ ஆழமோ மீனைத் தொடுவதில்லை. மீனைத் தொடுவன ஆக்சிஜன், வெப்பம், உணவு, அம்மோனியா, கூட இருக்கும் வாய்களின் எண்ணிக்கை ஆகியவை. குளத்தின் வடிவம் இவற்றின் வழியாகத்தான் வேலை செய்கிறது.

மீன் வளர்ப்பில் இரண்டு எல்லைகளைப் பிரித்துப் பார்ப்பது வழக்கம். ஒரு குளத்தில் உள்ள மீனின் மொத்த எடை ஓர் அளவைத் தாண்டும்போது ஒவ்வொரு மீனின் நாள் வளர்ச்சியும் குறையத் தொடங்கும். இன்னொரு அளவை எட்டும்போது வளர்ச்சி நின்றேவிடும். உரமிட்டு, தீவனம் இடாமல் வளர்க்கும் குளங்களில் இந்த இரண்டாம் எல்லை ஹெக்டேருக்கு ஏறத்தாழ 2000 முதல் 3000 கிலோ. நல்ல தீவனம் கொடுத்து, காற்றூட்டம் இல்லாமல் வளர்த்தால் 5000 முதல் 8000 கிலோ வரை போகலாம். இந்த அளவுகளெல்லாம் ஏன் கன மீட்டருக்கு இத்தனை என்று சொல்லப்படாமல் ஹெக்டேருக்கு இத்தனை என்று சொல்லப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

மேலே பேசுவதற்கு முன் சில அளவுகள் தேவை. விடியுமுன் கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு? பிற்பகலில் நீரின் வெப்பம் எவ்வளவு? செக்கி வட்டு (நீரின் தெளிவை அளக்க இறக்கும் வட்டத் தகடு) எந்த ஆழத்தில் மறைகிறது? இரண்டு குளங்களிலும் ஒரே நாளில் அளந்து எழுதுங்கள்.

கரைக்காவல்

நான் குளம் வெட்டும் வேலையை நெடுங்காலமாகப் பார்த்துவருபவன். பச்சைநீர் கேட்ட அளவுகள் வரும்வரை, மண் வேலை தொடர்பாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் இரு குளங்களுக்கும் ஆழம் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். நடு ஆழம்தான் ஒன்று. மண்கரை சரியாமல் நிற்க வேண்டுமானால் உட்புறச் சரிவு, 1 மீட்டர் இறங்க 2 மீட்டர் உள்ளே வரும் அளவுக்காவது இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் 1.5 மீட்டர் இறங்கும்போது ஒவ்வொரு பக்கமும் 3 மீட்டர் சரிவுக்குப் போய்விடுகிறது. உங்கள் பெரிய குளத்தின் அடித்தரை 34-க்கு 19 மீட்டர். கொள்ளளவு 1225 கன மீட்டர் அளவில் வரும். நேர்ச்சுவராக இருந்தால் 1500 வந்திருக்கும். சிறிய குளத்தின் அடித்தரையோ 14-க்கு 4 மீட்டர் மட்டுமே. நேர்ச்சுவரில் 300 கன மீட்டர் வரவேண்டிய இடத்தில் 183 மட்டுமே வருகிறது. ஆக, சதுர மீட்டருக்கு 2 என்று இரண்டிலும் ஒரே வீதத்தில் விட்டபோதும், சிறிய குளத்து மீனுக்குக் கிடைத்த நீர் குறைவு.

இதைவிட முக்கியமானது ஓரத்து ஆழமற்ற பட்டை. நீர் 60 சென்டிமீட்டருக்கும் குறைவாக நிற்கும் பரப்பு பெரிய குளத்தில் 15 சதவீதம். சிறிய குளத்தில் 33 சதவீதம். ஒரு ஹெக்டேர் சதுரக் குளத்தில் அது 5 சதவீதத்துக்கும் கீழ். அந்த ஓரத்தில்தான் களை முளைக்கும், வெயில் ஏறும், ஆண் திலாப்பியா தட்டு வடிவில் குழி பறித்து இணைக்காகக் காத்திருக்கும்.

கரையின் நீளத்தையும் பாருங்கள். சிறிய குளத்தில் 200 சதுர மீட்டர் நீரைச் சுற்றி 60 மீட்டர் கரை. பெரியதில் 1000 சதுர மீட்டரைச் சுற்றி 130 மீட்டர். சதுர மீட்டர் நீருக்கு இத்தனை கரை என்று கணக்கிட்டால் சிறியதில் இரு மடங்குக்கும் மேல். கரை வழியே கசியும் நீரும் அந்த விகிதத்தில்தான் இருக்கும். ஆகையால் சிறிய குளத்தில் உண்மையில் இன்று 1.5 மீட்டர் நிற்கிறதா என்று ஒரு கழியை இறக்கிப் பாருங்கள்.

இறுதியாக, 2.5 மீட்டர் ஆழம். 10 மீட்டர் அகலத்தில் அதே சரிவோடு 2.5 மீட்டர் இறங்கினால், இருபுறமும் ஐந்தைந்து மீட்டர் போய், அடித்தரை என்று ஒன்றே மிஞ்சாது. குளம் வாய்க்கால்போல் கூராக முடியும். சரிவைச் செங்குத்தாக்கினால் முதல் மழையிலேயே கரை உள்ளே இறங்கும்.

ஆழ்குளம்

கரைக்காவல் சொன்ன மண் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் ஆழத்தால் பயனில்லை என்ற எண்ணம் இந்த இழையில் உருவாகிவிடக்கூடாது. என் குளம் 2.2 மீட்டர் ஆழமும் அரை ஹெக்டேர் பரப்பும் கொண்டது. முன்பு அதே இடத்தில் 80 சென்டிமீட்டர் ஆழக் குளம் வைத்திருந்தபோது கிடைத்ததைவிட மீன் இப்போது தெளிவாக நன்றாக வளர்கிறது.

காரணம் வெப்பம். திலாப்பியா நன்றாக வளர்வது 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் சூழலில். 20 டிகிரிக்குக் கீழே தீவனம் எடுப்பது வெகுவாகக் குறைந்து, 16, 17 டிகிரியில் ஏறக்குறைய நின்றுவிடும். 10, 11 டிகிரியில் இறந்துபோகும். 1 மீட்டர் ஆழக் குளத்தில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கீழே 1000 கிலோ நீர் இருக்கிறது. அது 1 டிகிரி குளிர்வதற்கு 1000 கிலோகலோரி வெளியேற வேண்டும். தெளிந்த வானமுள்ள ஓர் இரவில் சதுர மீட்டருக்கு 2000 கிலோகலோரி வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், நீர் முழுவதும் கலந்திருக்கும் நிலையில், அரை மீட்டர் ஆழக் குளம் 4 டிகிரி இறங்கும்; 1 மீட்டர் ஆழம் 2 டிகிரி; 2 மீட்டர் ஆழம் 1 டிகிரி மட்டுமே. பகலில் ஏறும்போதும் இதே கணக்குத்தான். ஆழமற்ற குளத்து மீன் பிற்பகலில் வெந்தும் விடியலில் குளிர்ந்தும் இரண்டு வேளைத் தீவனத்தை ஒழுங்காக எடுக்காமல் விடுகிறது. ஆழமான குளத்து மீனுக்கு மேலும் கீழும் நகர்ந்து தனக்கு ஏற்ற நீரைத் தேர்ந்துகொள்ளும் வசதியும் இருக்கிறது.

அம்மோனியாவும் அப்படியே. 30 சதவீதப் புரதமுள்ள 10 கிலோ தீவனத்தில் 480 கிராம் நைட்ரஜன் உண்டு. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் மீனின் உடலில் சேர்கிறது. மீதி, பெருமளவு அம்மோனியாவாக, நீருக்கும் சேற்றுக்கும் போகிறது. நீர் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு நீர்த்துப்போகும். இதற்கு ஆழம் உதவவில்லையா?

பச்சைநீர்

உதவுகிறது, ஆழ்குளம் ஐயா, ஓர் எல்லைவரை. வெப்பம் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். 80 சென்டிமீட்டரிலிருந்து 1.2 அல்லது 1.5 மீட்டருக்குப் போவது உண்மையான ஆதாயம். ஆனால் 1.5-இலிருந்து 2.5-க்குப் போவது வேறு கதை.

ஏரேட்டர் இல்லாத குளத்தில் ஆக்சிஜனைத் தருவன இரண்டு: பச்சை நீரில் உள்ள நுண்பாசி, காற்று தொடும் நீர்ப்பரப்பு. இரண்டும் மேலிருந்துதான் வருகின்றன. கறுப்பும் வெள்ளையுமான 20 சென்டிமீட்டர் செக்கி வட்டு மறையும் ஆழத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கு ஆழம்வரைதான் பாசி உணவு தயாரிக்கப் போதிய ஒளி இறங்கும். வட்டு 30 சென்டிமீட்டரில் மறைந்தால், முதல் 60 சென்டிமீட்டர் ஆக்சிஜனை உண்டாக்கும் அடுக்கு. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் செலவழிக்கும் அடுக்கு. ஆழத்தைக் கூட்டும்போது வருமானம் தரும் அடுக்கு கூடுவதில்லை. இருட்டான அடுக்கே கூடுகிறது.

ஒரு சதுர மீட்டருக்கு வரவு செலவு போட்டுப் பார்ப்போம். 1 மீட்டர் ஆழம், மாலையில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஆக்சிஜன் என்றால் கையிருப்பு 10 கிராம். அந்தச் சதுர மீட்டரில் அரைக் கிலோ மீன் இருந்து, கிலோவுக்கு மணிக்கு 300 மில்லிகிராம் சுவாசித்தால் 12 மணி நேரத்தில் 1.8 கிராம் போகும். இரவில் மீனைவிட மிகுதியாக ஆக்சிஜனை எடுப்பவை பாசியும் சேறும். இதனால்தான் மீன் குறைவாக உள்ள குளத்திலும், பாசி அளவுக்கு மீறித் தழைத்துவிட்டால், விடியலில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து நிற்கிறது. 30 டிகிரி நீர், காற்றோடு சமநிலையில் இருக்கும்போது லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுதான் ஆக்சிஜனைத் தாங்கும். பிற்பகலில் மேல்நீரில் 12, 14 என்று காட்டும் உபரி கீழே இறங்காமல் காற்றுக்குத் தப்பிப்போகிறது. அதைக் கீழே கொண்டுசேர்ப்பது காற்று எழுப்பும் அலை. பெரிய குளத்தில் காற்று ஓட நீளமிருக்கிறது. மரங்கள் சூழ்ந்த சிறு குளத்தில் நீர் அசைவதில்லை. பரப்பு வளர்ச்சியைத் தொடும் மிக முக்கியமான வழி இதுவே என்பது என் கருத்து.

திலாப்பியா குறைந்த ஆக்சிஜனைத் தாங்கும். சிறிது நேரம் லிட்டருக்கு அரை மில்லிகிராமிலும் உயிர் தரிக்கும். ஆனால் தாங்குவது வேறு, வளர்வது வேறு. விடியல் அளவு 1 மில்லிகிராமுக்குக் கீழே நாள்தோறும் போகும் குளத்தில் மீன் சாகாது. தீவனத்தை மறுக்கும், உண்டதையும் உடலில் சேர்க்காது. இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் ஓடும் என்பதுதான் எனக்குக் கவலை தருவது.

அம்மோனியாவை நீர்க்கச் செய்வது ஆழம் என்பது சரி. ஆனால் நாள்தோறும் சேர்வதை அகற்றுவது பெருமளவு பாசி; பாசியின் வேலை ஒளியைப் பொறுத்தது; ஒளி பரப்பைப் பொறுத்தது. மேலும் நஞ்சாவது மொத்த அம்மோனியா அன்று, அயனியாகாத (மின்னூட்டம் ஏறாத) பகுதி. 30 டிகிரியில் அமில-காரக் குறியீடு (pH) 7 என்றால் அது 1 சதவீதத்துக்கும் கீழ். 8 என்றால் 7.5 சதவீதம், 9 என்றால் 45 சதவீதத்தை நெருங்கும். பாசி அடர்ந்த குளத்தில் பிற்பகலில் 9-ஐத் தொடுவது எளிது. அந்த நேரத்தில்தான் பலர் மாலைத் தீவனத்தைப் போடுகிறார்கள்.

புதுக்குளம்

நீங்கள் கேட்டவற்றை மூன்று நாள் அளந்தேன். ஆக்சிஜன் மீட்டரைத் தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கினேன். விடியுமுன் பெரிய குளத்தில் 1.9, 2.1, 1.8 மில்லிகிராம், சிறிய குளத்தில் 0.6, 0.7, 0.5. செக்கி வட்டு பெரியதில் 28 சென்டிமீட்டரிலும் சிறியதில் 14 சென்டிமீட்டரிலும் மறைகிறது. பிற்பகல் 3 மணிக்கு மேல்நீர் வெப்பம் பெரியதில் 32 டிகிரி; சிறியதில் 35. கரைக்காவல் ஐயா சொன்னபடி கழியை இறக்கினேன். சிறிய குளத்தில் இப்போது நடுவிலேயே 1.1 மீட்டர்தான் நிற்கிறது. நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்ததால் மட்டம் இறங்கியது என் கண்ணில் படவே இல்லை.

இன்னும் இரண்டு செய்திகளை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். சிறிய குளத்தின் மூன்று பக்கமும் மரங்கள். இலை உதிர்ந்துகொண்டே இருக்கும். மீன் சிறுத்திருப்பதைப் பார்த்து, இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்து அங்கே மட்டும் வாரந்தோறும் சாணம் கரைத்து விட்டுவருகிறேன்.

இழுவலை

புதுக்குளம் ஐயா, சாணத்தை இன்றே நிறுத்துங்கள். 14 சென்டிமீட்டர் செக்கி அளவுள்ள நீருக்கு உரம் தேவையே இல்லை. ஒளி 30 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள நீர் முழுவதும் இரவும் பகலும் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறது.

நான் அறுவடை வேலை செய்பவன். இரண்டு ஐயங்கள் எனக்கு உண்டு. முதலாவது, உங்கள் சராசரி. வீச்சு வலையில் விழுவது தீவனம் போடும் இடத்தருகே கூடும் மீன். திறமையான பெரிய மீன் வலை விரிவதற்குள் விலகிவிடும். திலாப்பியாவை வலையால் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். சிறு குளத்தில் இழுவலையை ஒருமுறை முழுதாக இழுத்தாலும் நைல் திலாப்பியாவில் 25 முதல் 40 சதவீதம்தான் சிக்கும். மீதி வலைக்கு மேலே தாவும், அடிக்கயிற்றுக்குக் கீழே சேற்றில் புதையும். ஆழம் கூடினால் இது இன்னும் மோசமாகும். வலையின் உயரமும் நீளமும் குளத்து ஆழத்தையும் அகலத்தையும்போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், 2.5 மீட்டர் குளத்தில் அந்த வலையைக் கையால் இழுக்க ஆள் நிற்க முடியாது. வளர்ச்சியைப் பற்றிய இழையில் அறுவடையை ஏன் பேசுகிறேன் என்றால், முழுதாகப் பிடிக்க முடியாத குளத்தில் பழைய மீன் தங்கி, அடுத்த பருவத்தில் இனப்பெருக்கம் செய்து, புதுக் குஞ்சுகளின் தீவனத்தைத் தின்னும்.

இரண்டாவது ஐயம் பெரியது. சிறிய குளத்தின் ஓரத்தில், காலையில், நகத்தளவு குஞ்சுகள் கூட்டமாகத் திரிகின்றனவா? கையால் பிரித்த ஆண் குஞ்சுகளில் தவறு நேர்வது இயல்பு. ஒரு பெண் மீன் அளவுக்கேற்பச் சில நூறு முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டை இடும். வாயிலேயே வைத்து அடைகாக்கும். நான்கு முதல் ஆறு வாரங்களில் அடுத்த முறை இடும். நெருக்கடியான குளத்தில் திலாப்பியா 30 கிராம் எடையிலேயே பருவமடைந்துவிடும். அடைகாக்கும் பெண் உண்ணாது, அது வளராது. அதன் குஞ்சுகள் உங்கள் தீவனத்தை உண்ணும். நீங்கள் விட்ட மீனும் வளராது. 33 சதவீத ஓரப் பட்டை என்று கரைக்காவல் சொன்னபோதே எனக்கு இது தோன்றிவிட்டது. குளத்தை முழுதாக வடித்துப் பாருங்கள். வடிக்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

ஆழ்குளம்

பச்சைநீரின் வரவு செலவைப் படித்தபின் என் குளத்தைப் பற்றி ஒன்றை முழுமையாகச் சொல்வது என் கடமை. அந்த 2.2 மீட்டர் குளத்தை வெட்டிய முதல் ஆண்டில் ஏரேட்டர் இல்லை. பல நாள் காற்றே இல்லாமல் வெயில் அடித்தது. பிறகு ஒரு மாலை பலத்த காற்றோடு குளிர்ந்த மழை கொட்டியது. மேலே சூடான நீரும் கீழே ஆக்சிஜன் இல்லாத குளிர்ந்த நீரும் தனித்தனி அடுக்காக நின்றிருந்தன என்பது அப்போது எனக்குத் தெரியாது. மழை இரண்டையும் ஒன்றாகப் புரட்டிவிட்டது. விடியலில் நீர் கறுத்து, அழுகிய முட்டை வாடையோடு இருந்தது. குறைந்த ஆக்சிஜனைத் தாங்கும் மீன் என்று பெயர் பெற்ற திலாப்பியா கரை நெடுக ஒதுங்கிக் கிடந்ததை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

அதன் பிறகு துடுப்புச் சக்கர ஏரேட்டர் வைத்தேன். நாள்தோறும் பிற்பகலில் ஒரு மணி நேரம், நள்ளிரவு முதல் விடியும்வரை என்று ஓட்டுகிறேன். பிற்பகலில் ஓட்டுவது அடுக்கை உடைப்பதற்காக. நல்ல வளர்ச்சி வந்தது அதன் பிறகுதான். ஆகவே ஆழத்துக்கு நான் தந்த பாராட்டில் பெரும் பகுதி ஏரேட்டருக்கு உரியது. வெப்பம் பற்றிய என் வாதத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. குளிர்காலம் உள்ள இடங்களில், கலக்கும் வசதியோடு கூடிய ஆழம் மீனைக் காப்பாற்றும்.

புதுக்குளம்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு குளங்களையும் ஒரே வாரத்தில் வடித்து, ஒவ்வொரு மீனையும் எண்ணி, நிறுத்தோம். இழுவலை ஐயாவின் இரண்டு ஐயங்களும் மெய்யாயின.

பெரிய குளத்தில் நான் விட்ட மீன் 1840 கிடைத்தன. எடை 497 கிலோ, சராசரி 270 கிராம். அங்கே பிறந்த குஞ்சு 26 கிலோ. சிறிய குளத்தில் விட்டவற்றுள் 352 கிடைத்தன. எடை 46 கிலோ, சராசரி 131 கிராம். அங்கே பிறந்த குஞ்சும் குட்டி மீனும் 41 கிலோ. கூட்டிப் பார்த்தால் பெரிய குளம் சதுர மீட்டருக்கு 523 கிராம் மீனையும், சிறிய குளம் 435 கிராம் மீனையும் தாங்கியிருக்கின்றன. வேறுபாடு நான் நினைத்த அளவுக்கு இல்லை. சிறிய குளம் மீனை வளர்க்காமல் இல்லை. வளர்த்ததில் பாதிக்கு அருகே எனக்கு வேண்டாத உடல்களில் வளர்த்திருக்கிறது.

பெரிய குளத்தில் 200 மீனைப் புரட்டிப் பார்த்ததில் 14 பெண். சிறிய குளத்தின் 352-இல் 91 பெண். ஒரே பண்ணைக் குஞ்சில் இத்தனை வேறுபாடு எப்படி என்று இரவெல்லாம் யோசித்தபோதுதான், இருப்புச் செய்த நாள் நினைவுக்கு வந்தது. வண்டியிலிருந்து இறக்கும்போது நன்றாக இருந்த 30 கிராம் குஞ்சுகளைப் பெரிய குளத்துக்கு எண்ணிவிட்டு, மிஞ்சிய 20 கிராம் குஞ்சுகளைச் சிறியதில் விட்டேன். சிறிய குஞ்சில் ஆண், பெண் அடையாளம் சரியாகத் தெரியாது. பெண்களும் பெரும்பாலும் அந்தச் சிறிய கூட்டத்தில்தான் தங்கியிருக்கின்றன. இரண்டு குளங்களையும் ஒப்பிட்டேன் என்று நினைத்தேன். முதல் நாளிலேயே ஒப்பீட்டை நானே குலைத்திருக்கிறேன். ஆயினும் சிறிய குளத்து ஆண் மீன்களை மட்டும் தனியே நிறுத்தால் சராசரி 148 கிராம், பெண் 81 கிராம். ஆண் மீனே 270-ஐ எட்டவில்லை என்பதால் பாலின வேறுபாடு மட்டும் காரணமன்று என்றும் புரிகிறது.

கரைக்காவல்

இவ்வளவு பொறுமையாக எண்ணி நிறுத்து எழுதியதற்கு நன்றி. இப்படி வடித்துப் பார்த்த கணக்கு ஒன்று நூறு யூகங்களை ஓரங்கட்டிவிடும்.

என் யோசனை இது. சிறிய குளத்தை வளர்ப்புக் குளமாகவே வைக்காதீர்கள், நாற்றங்காலாக மாற்றுங்கள். 1 கிராம் குஞ்சை விட்டு 30 கிராம் அளவில் எடுத்துவிட்டால், அது முட்டையிடத் தொடங்குவதற்குள் குளத்தைவிட்டு வெளியேறிவிடும். ஓரப் பட்டை எவ்வளவு இருந்தாலும் கவலையில்லை. சிறு குளத்தை வடிப்பதும், காய வைப்பதும், முழுதாகப் பிடிப்பதும் எளிது. சிறிய பரப்பு குறையாக இல்லாமல் வசதியாக இருக்கும் இடம் இது ஒன்றுதான். எடுத்த குஞ்சுகளைப் பெரிய குளத்துக்கு மாற்றும்போது ஒவ்வொன்றையும் மீண்டும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

மண் வேலையில் மூன்று செய்யுங்கள். அடியில் சேர்ந்த கறுப்புச் சேற்றை அள்ளி வெளியே போடுங்கள். கரையில் களிமண் வைத்து நன்றாக இடித்துக் கசிவை அடையுங்கள், 1.1 மீட்டர் மீண்டும் 1.4 ஆனாலே போதும். மதகின் அருகில் மட்டும் 30 சென்டிமீட்டர் ஆழமாக ஒரு குழி எடுத்தால், வடிக்கும்போது மீன் தானாக அங்கே ஒதுங்கும். காற்று வரும் பக்கத்து மரக்கிளைகளைக் கழித்துவிடுங்கள். பெரிய குளத்திலும் ஓரம் விரைவாக 60, 70 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறங்கும்படி, கரையின் அடியைச் சற்று வெட்டிச் சீராக்குங்கள்.

பச்சைநீர்

கரைக்காவல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பெரிய குளத்தில் இப்போது ஹெக்டேருக்கு 5200 கிலோ அளவு வந்திருக்கிறது. விடியல் ஆக்சிஜன் 2-க்கு அருகே தடுமாறுகிறது. அடுத்த முறை மீன் பெரிதாக வேண்டுமானால் எண்ணிக்கையைக் குறையுங்கள். இதே எண்ணிக்கை வேண்டுமானால் ஏரேட்டர் வையுங்கள். தீவனத்தை ஒரே மூலையில் கொட்டாமல், காற்று வரும் கரை நெடுக, வெயில் ஏறி ஆக்சிஜன் உயர்ந்தபின் காலை 9 மணிக்கு மேல் தூவுங்கள். பெரிய குளத்தில் ஒரே இடத்தில் போட்டால் வலிய மீன் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எடை வேறுபாடு விரிந்துகொண்டே போகும்.

புதுக்குளம்

இயந்திரத்தை ஆழப்படுத்தச் சொல்லவில்லை. சேறு அள்ளவும் மதகுக் குழி எடுக்கவும் மட்டும் நாளை வரச் சொல்லியிருக்கிறேன். கரையில் அளவுக்கழி ஒன்றை நட்டு, 1.4 மீட்டரில் சிவப்புக் கோடு போட்டுவிட்டேன். அடுத்த இருப்பை பெரிய குளத்தில் 1500 ஆகக் குறைக்கிறேன். குஞ்சை விடும் நாளிலேயே 50 மீனை நிறுத்து, புரட்டிப் பார்த்து, அந்த அளவை இதே இழையில் எழுதுகிறேன்.